தூணே, சாவி இருக்கு

அத்தியாயம் ஆறு

“அண்ணி, இந்தக் கட்டடத்தக் கட்டினவர் இன்னும் உயிரோட இருக்காரா?”

“எதுக்கு தம்பி?”

“முட்டிக்கு வைத்தியச் செலவு கேக்கணும்.”

மேற்கு வாசல் வழியாக மூன்று மாடி ஏறியதில் கொழுந்தனுக்கு மூச்சு வாங்கியது. அண்ணிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில், எரியாத கடையை எரிந்ததாகச் சொன்னவர்களையும் உடையாத காலை உடைந்ததாகச் சொன்னவர்களையும் தேடித் தேடி ஏறிய மாடிகள் எத்தனையோ. இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். கொழுந்தன் அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டி, எடுபிடி, வாய்த்துணை எல்லாம். ‘வீட்டுல சும்மா உக்காந்து என் உயிர வாங்காத, அண்ணிகூடப் போ’ என்று அண்ணன் துரத்திவிட்டதில் கிடைத்த உத்தியோகம் அது.

நான்கு தெருக்கள் கூடுகிற முனையில், உருண்டைக் கோபுரமும் அதில் ஒரு கடிகாரமுமாக நிற்கும் அந்த வங்கிக் கட்டடம் ஊருக்கே அடையாளம். காலண்டரில் அதுதான், பள்ளிக்கூட ஓவியப் போட்டியிலும் அதுதான். மேற்குத் தெருவில் ஒரு வாசல், கிழக்குத் தெருவில் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மாடிப்படி. இரண்டு படிகளும் சுற்றிச் சுற்றி மேலே போகும், ஒன்றையொன்று தொடவே தொடாது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து, ஆகா, என்ன கலை நுணுக்கம் என்று வாயைப் பிளப்பார்கள். கலையாவது நுணுக்கமாவது. வங்கியைத் தொடங்கிய இரண்டு பேரும் மாமன் மச்சான். கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும்போதே அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வேலைக்கு வருவதற்காக இரண்டிரண்டாகக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

ஊர் ஜனங்கள் இதை வேறு மாதிரி யோசித்தார்கள். முகம் பார்க்காத இரண்டு பேர் எப்படிக் கூட்டுச் சேர்ந்து நம்மை ஏமாற்ற முடியும்? அந்த நம்பிக்கையில்தான் வங்கி வளர்ந்தது. மூன்றாம் மாடியில் நிறுவனர் அறை. அதன் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, ஆளுக்கொன்று. தினமும் அந்த அறைக்குள் இருவரும் போவார்கள். கத்துகிற சத்தம் கேட்கும், ஒரு தட்டு உடைகிற சத்தம் கேட்கும். பிறகு டிங் என்று ஒரு மணி. அதற்கப்புறம் எப்போதாவது இன்னொரு டிங், மற்றபடி வெகு நேரம் ஒரு சத்தமும் இருக்காது. கீழே வரிசையில் நிற்கிறவர்கள், ‘இன்னிக்கும் சண்டைதான், நம்ம பணம் பத்திரம்’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

மச்சான் முதலில் இறந்தார். மறுநாளே மாமன் அறையைப் பூட்டி, வங்கியின் பவள விழா வரை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் வழக்கம் விடவில்லை. மேற்குச் சாவி ஒரு ஊழியர் கழுத்தில், கிழக்குச் சாவி இன்னொரு ஊழியர் கழுத்தில். இருவருக்கும் உறவு கூடாது, சிநேகம் கூடாது, நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எதுவானாலும் நடுவில் இருக்கும் தூணிடம்தான் சொல்ல வேண்டும். தினமும் காலையில் தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டி, “தூணே, சாவி இருக்கு” என்று சொன்னால்தான் வங்கி திறக்கும்.

இன்று பவள விழா. மத்தியானம் விருந்தாளிகள் முன்னால் அறையைத் திறக்க வேண்டும். காலையில் ஒத்திகை பார்த்தபோது மேற்குச் சாவியைக் காணோம்.

மூன்றாம் மாடிக் கூடத்தின் நடுவில் அந்தத் தூண் நின்றது. அதிலிருந்து எதிர்ச் சுவர் வரை இடுப்புயரத்துக்குப் பித்தளைக் கம்பித் தடுப்பு. பின்னால் இரும்புக் கதவு, தூணுக்கு இப்புறமும் அப்புறமுமாக இரண்டு சாவித் துவாரங்கள். மேற்குப் பக்கம் வங்கித் தலைவியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாமனின் மகள். எண்பது வயதிலும் குரல் கணீரென்று இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கைத்தடியோடு நின்ற இயக்குநர், மச்சானின் மகன். அதாவது தலைவியம்மாவுக்குச் சொந்த அத்தை மகன்.

“தூணே, அவர உக்காரச் சொல்லு. நின்னுகிட்டே இருந்தா சாவி வந்துடுமா?” என்றார் தலைவியம்மா.

“தூணே, எனக்கு நிக்கத் தெரியும்னு சொல்லு” என்றார் அத்தை மகன்.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். “அண்ணி, முதல்ல தூண விசாரிச்சுடலாம். இங்க எல்லா ரகசியமும் அதுக்குத்தான் தெரியும்.”

அண்ணி அவனைக் கண்ணால் அடக்கிவிட்டு மேற்குச் சாவிக்காரரிடம் போனார். தலைமைக் காசாளர். நாற்பது வயது இருக்கும். முகம் வெளுத்து, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்.

“கடைசியா சாவிய எப்ப பாத்தீங்க?”

“காலைல தூண்கிட்ட சங்கிலியத் தூக்கிக் காட்டினேம்மா. ஒத்திகையில எடுக்கலாம்னு கை வச்சா காணோம்.”

“கிழக்குப் பக்கம் போனீங்களா?”

“ஐயோ, நானா? வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து அந்தப் படிய மிதிச்சதே இல்லம்மா.”

தலைவியம்மா குறுக்கிட்டார். “விருந்தாளிங்க வந்து உக்கார்றதுக்குள்ள சாவி வரணும். வரலைன்னா இவருக்கு வேலை கிடையாது. அடுத்த போன் போலீஸுக்கு.”

காசாளருக்குக் கால் தள்ளாடியது. கம்பிக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நின்றிருந்த கிழக்குச் சாவிக்காரி, கடன் பிரிவு அதிகாரி, சட்டென்று வாயைத் திறந்தார்.

“தூணே, அவர முதல்ல உக்காரச் சொல்லு. வெறும் வயிறு, விழுந்து வைக்கப் போறார்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணியின் இடது புருவம் மெல்ல மேலே ஏறியது. அந்தப் புருவம் ஏறினால் யாருக்கோ கெட்ட நேரம் என்று கொழுந்தனுக்குத் தெரியும். பெரும்பாலும் அவனுக்குத்தான்.

“உங்க சாவியக் காட்டுங்களேன்” என்றார் அண்ணி.

அந்தம்மா கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டார். “என்னோடது பத்திரமா இருக்கு. தொலைச்சவங்க சாவி வரட்டும், அப்புறம் காட்டுறேன்.”

அண்ணி காசாளரின் சட்டைக் கை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பச்சையாக ஒரு தீற்றல். விழாவுக்காகப் படிகளுக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். அவர்கள் ஏறி வந்த மேற்குப் படியின் கைப்பிடி நல்ல அரக்கு நிறம்.

“தம்பி, காசாளர் மேசையில தேடிட்டு, அப்படியே கிழக்குப் பக்கமும் போய் அந்தம்மா மேசையப் பாரு. படிக் கைப்பிடி என்ன நிறம்னும் பாத்துட்டு வா.”

கிழக்குப் பக்கம் எட்டடி தூரத்தில் இருந்தது. கொழுந்தன் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

“தாண்டக் கூடாது” என்றார் தலைவியம்மா.

“தாண்டவே கூடாது” என்றார் அத்தை மகன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

ஆகவே கொழுந்தன் மூன்று மாடி இறங்கினான். வழியில் காசாளர் மேசையைக் குடைந்தான். கீழே மீசைக்காரக் காவலர் அவனை நிறுத்தி, சாவி தொலைந்ததிலிருந்து வாசல் தாண்டுகிற எல்லோரையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு என்று அக்குள் வரை தடவிப் பார்த்தார். கூச்சத்தில் நெளிந்து சிரித்தவனைச் சந்தேகமாகப் பார்த்து இன்னொரு தரமும் தடவினார். தப்பித்து, தெருமுனையைச் சுற்றி ஓடி, கிழக்கு வாசலில் இன்னொரு காவலரிடம் மறுபடி நெளிந்து, மூன்று மாடி ஏறி, அந்தம்மா மேசையையும் பார்த்து, வந்த வழியே முழுவதும் திரும்பி வந்து அண்ணியின் காலடியில் உட்கார்ந்தான்.

“தண்ணி” என்றான்.

“கைப்பிடி?”

“பச்சை. தண்ணி.”

“சாவி?”

“இல்ல. தண்ணி குடுங்க அண்ணி, நாக்கு ஒட்டிக்கிச்சு. இந்த வங்கியில எவனும் வாயில வைக்கிற மாதிரி சமைக்க மாட்டான்போல.”

அண்ணியின் பார்வை கூர்மையானது. “என்ன பண்ணின?”

கொழுந்தன் அசடு வழிந்தான். “இல்ல, டப்பாவுக்குள்ள சாவிய ஒளிச்சு வச்சிருக்கலாம்ல. அதான் காசாளர் சாப்பாட்டு டப்பாவத் திறந்தேன். கடமைக்காக ஒரு வாய் உருளைக்கிழங்கு. உப்புன்னா உப்பு, அப்படி ஒரு உப்பு. சரி, அந்தம்மா டப்பாவிலயாவது நல்லதா இருக்கும்னு அதையும் திறந்தேன்.”

“அதுல என்ன இருந்துச்சு?”

“அதே உருளைக்கிழங்கு. அதே உப்பு. ரெண்டும் முக்கோணமா வெட்டினது. உலகத்துல யாராவது உருளைக்கிழங்க முக்கோணமா வெட்டுவாங்களா?”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. துப்பறிய வந்த இடத்தில் அண்ணி சிரித்துக் கொழுந்தன் பார்த்ததில்லை.

“உங்கண்ணன் ஒரு நாள் சமையல்ல ஒத்தாச பண்றேன்னு வந்தாரே, ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுமா? நீங்களும் உப்புப் போட்டீங்க, அவரும் உப்புப் போட்டாரு. ரெண்டு பேரும் சொல்லிக்கல. அன்னிக்கு நான் ஒரு குடம் தண்ணி...” கொழுந்தன் நிறுத்தினான். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. “அண்ணி, அப்போ இவங்க ரெண்டு பேரும்...”

“மெதுவா. தூணுக்குக் கேட்டுடப் போகுது.”

காசாளரை மேற்குப் படியின் திருப்பத்துக்கு அழைத்துப் போனார்கள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

“கல்யாணம் எப்ப ஆச்சு?”

காசாளர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “மழை ஆரம்பிச்சப்போம்மா. பதிவாளர் ஆபீஸ்ல. வீட்டுல ரெண்டு பேர் சாவியையும் ஒரே ஆணியில மாட்டுவோம். இன்னிக்கு விழா அவசரம். அவ சமைக்க, நான் சமைக்க, மணியாயிடுச்சு. கைக்குக் கிடைச்சத மாட்டிட்டு ஓடி வந்துட்டோம்.” சாக்ஸுக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தார். அதன் தலையில் சூரியன் செதுக்கியிருந்தது. “மேற்குச் சாவியில பிறை இருக்கும். இது அவளோடது. ஒத்திகையில உருவினப்பதான் பாத்தேன். உசுரே போயிடுச்சு. காணோம்னு சொல்லிட்டேன். அப்புறம் வாசல்ல சோதனை ஆரம்பிக்கிறதுக்குள்ள எப்படியாவது மாத்திக்கலாம்னு கிழக்குப் படியில பாதி ஏறிட்டேன், ஆளுங்க வந்துட்டாங்க.”

“உண்மையச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ரெண்டு பேர் வேலையும் போகும். சொல்லலைன்னா எனக்கு மட்டும்தானே போகும்?” என்றார் காசாளர். “அவ இந்த வேலைக்கு வர எவ்வளவு கஷ்டப்பட்டான்னு எனக்குத் தெரியும்மா.”

கொழுந்தனுக்குத் தொண்டையை என்னவோ செய்தது. உப்பாக இருக்கலாம். “குடுங்க சார், நான் கொண்டுபோய் மாத்திக் குடுத்துட்டு வர்றேன்” என்று கையை நீட்டினான்.

“எங்க ஒளிச்சு வைப்ப? உன்ன அக்குள் வரைக்கும் தடவினாங்களே” என்றார் அண்ணி.

“தடவினாங்கன்னு சொல்லாதீங்க அண்ணி. சோதனை பண்ணினாங்க.”

கீழே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணி படிச் சுழலையே பார்த்தபடி நின்றார். பிறகு, “சாவி எதுக்கு மாறணும்?” என்றார். “ஆள் மாறட்டும். சங்கிலியில கோத்து, சட்டைக்குள்ள விட்டுக்குங்க.”

தலைவியம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “சாவி கிடைச்சாச்சு. ஆனா காசாளர் கிழக்குப் படி வழியா வரணும், அந்தம்மா மேற்குப் படி வழியா வரணும். காவலர் சங்கிலியக் கழட்டிப் பாக்க வேண்டாம், சாவி சாவிக்காரங்க கழுத்துலதான் இருக்கும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க. கதவு திறக்கலைன்னா எனக்குக் கூலி வேண்டாம்.”

“அண்ணி, பெட்ரோல் காசாவது...” என்று ஆரம்பித்த கொழுந்தனின் காலை அண்ணி மிதித்தார்.

தலைவியம்மா அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். கூடத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைய ஆரம்பித்திருந்தார்கள். வேறு வழி இல்லை. “சரி” என்றார்.

கொழுந்தன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கீழே, கோபுரத்தடித் தெருமுனையில், காசாளர் இந்தப் பக்கமிருந்து வந்தார். அந்தம்மா அந்தப் பக்கமிருந்து வந்தார். இருவரும் விறைப்பாக, ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்து போனார்கள். கடந்த பிறகு காசாளர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே நடந்தார்.

“தூணே, சாவி இருக்கு” என்றார் காசாளர், கிழக்கில் நின்று.

“தூணே, சாவி இருக்கு” என்றார் அந்தம்மா, மேற்கில் நின்று.

இரண்டு சாவிகளும் திரும்பின. இரும்புக் கதவு முனகிக்கொண்டு அசைந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல். அத்தை மகன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். தலைவியம்மா மட்டும் கை தட்டவில்லை. அந்தம்மா கையில் இருந்த சாவியின் பிறையைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் காசாளர் கையில் இருந்த சூரியனைப் பார்த்தார். அவர் ஒன்றும் தெரியாத பாப்பா இல்லை.

“காலைல வர்றப்பவே மாறித்தான் வந்திருக்கு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். “அப்படின்னா ராத்திரி ரெண்டு சாவியும் ஒரே வீட்டுல இருந்திருக்கு. அப்படித்தானே?”

காசாளர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா தூணைப் பார்க்கவில்லை. தலைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஆமாம்மா. அவர் என் வீட்டுக்காரர். ஆணியில மாத்தி மாட்டினது நான். அவர் மேல தப்பில்ல.”

“எழுபத்தஞ்சு வருஷ வழக்கம்” என்றார் தலைவியம்மா. “இதுக்காக நான் என்னென்ன விட்டிருக்கேன் தெரியுமா? உள்ள போனாரே, அவருக்குத்தான் என்னைக் கட்டி வைக்கிறதா சின்ன வயசுல பேச்சு. அப்பாவும் மாமாவும் சண்டை போட்டாங்க, பேச்சு நின்னுபோச்சு. அவரும் கட்டிக்கல, நானும் கட்டிக்கல. கேக்கலாம்னா, தூண்கிட்ட இதெல்லாம் எப்படிக் கேக்குறது? நான் இத்தனையும் பொறுத்துகிட்டு உக்காந்திருக்கேன், உங்களுக்கு ஒரே ஆணி கேக்குதா? விழா முடிஞ்சதும் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். திரும்பி வர வேண்டாம்.”

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான்.

அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். அத்தை மகன் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் மெதுவாக, பிறகு இருமலும் சிரிப்புமாக, நிறுத்த முடியாமல்.

“தூணே” என்று உள்ளேயிருந்து கத்தினார். “அவள உள்ள வரச் சொல்லு. சீக்கிரம்.”

தலைவியம்மா போனார். பின்னாலேயே அண்ணியும், அண்ணிக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு கொழுந்தனும்.

பெட்டகம் இல்லை, தங்கக் கட்டி இல்லை. நடுவில் ஒரு மேசை. எதிரும் புதிருமாக இரண்டு மெத்தை நாற்காலிகள், உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிப் போனவை. மேசை மேல் தூசி படிந்த சதுரங்கப் பலகை, பாதி ஆட்டத்தில் நிற்கும் காய்கள், இரண்டு டம்ளர்கள். ஒரு மூலையில் கூடை நிறைய உடைந்த மண் தட்டுகள். அதன் பக்கத்தில் இன்னும் உடைக்காத தட்டுகள், எல்லாம் மலிவுச் சரக்கு, கழுத்து உயரத்துக்கு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது.

“உடைக்கிறதுக்குன்னே மொத்தமா வாங்கியிருக்காங்க” என்றான் கொழுந்தன். அவனுக்கு அடக்க முடியவில்லை. “ஊருக்காக ஒரு கத்து, ஒரு தட்டு. அப்புறம் நிம்மதியா ஆட்டம். ரெண்டு பூட்டும் பணத்துக்கு இல்ல அண்ணி. ஒருத்தர் இல்லாதப்போ இன்னொருத்தர் காய நகத்திடக் கூடாதுல்ல, அதுக்கு.”

தலைவியம்மா தட்டு அடுக்கைத் தொட்டார். “இந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சிருக்கேன்” என்றார். “அழுதிருக்கேன். பாவிங்க. நாடகம் நல்லா நடக்குதுன்னு நம்ம கல்யாணத்தையும் அதுலயே விட்டுட்டாங்க.” அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. இரண்டும்தான்.

மேசை மேல், ஒரு நாற்காலிக்கு முன்னால் மட்டும் ஒரு சின்னப் பித்தளை மணி இருந்தது. அண்ணி அதைக் காட்டினார். “இதுதான் அந்த டிங். காய நகத்தினதும் அடிச்சு, எதிராளி பக்கம் தள்ளி வச்சுடுவாங்கபோல. மணி யார் பக்கம் இருக்கோ அவங்க ஆட்டம். அது யார் நாற்காலி?”

“எங்கப்பாவோடது” என்றார் அத்தை மகன். சிரிப்பு நின்றிருந்தது. “அவர்தான் ஆடணும். மறுநாள் வரல. போயிட்டார்.”

“எங்கப்பா அப்படியே பூட்டிட்டார்” என்றார் தலைவியம்மா. “வேற ஒருத்தர் அந்தக் காய நகத்த அவருக்கு மனசு வரல.”

வெளியே கூட்டம் முணுமுணுத்தது. தலைவியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காசாளரும் அந்தம்மாவும் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். தலைவியம்மா பழக்க தோஷத்தில் தூணைப் பார்த்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

“நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே படியில ஏறி வாங்க. எந்தப் படின்னு வீட்டுல சண்டை போட்டு முடிவு பண்ணிக்குங்க. இன்னொரு ஆணியும் வாங்கி அடிங்க.”

காசாளர் கம்பியைத் தாண்டினார். யாரும் தாண்டக் கூடாது என்று சொல்லவில்லை.

“உப்ப யாராவது ஒருத்தர் போடுங்க” என்றான் கொழுந்தன்.

அவர்கள் இருவரும் திடுக்கிட்டு அவனைப் பார்க்க, தலைவியம்மா அறைக்குள் திரும்பிப் போய்த் தன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அத்தை மகன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் நிறுத்திய வார்த்தையைத் தேடி எடுக்கத் தலைவியம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“உங்க ஆட்டம்தான் அத்தான்” என்றார். “இன்னும் எவ்வளவு நேரம் யோசிப்பீங்க?”